கட்டுக்குருந்தைக்கு ஒரு கார்

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

நேற்று முதல் தனியார் கார்களின் இறக்குமதி மறுபடி தொடங்கிவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தியது, ஏறக்குறைய ஐந்து வருடம். காலையில் வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கும்போதும் பக்கத்தில் நின்றவர்கள் இதையேதான் கதைத்தார்கள். பழைய கார்களின் விலை விழும், பொறு என்று அலுவலக நண்பனும் சொல்கிறான். வருகிற கார்களில் ஏறியிருக்கும் வரியைப் பார்த்தால் எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. இருபத்தைந்து வயதுக் காரைத் தேடுகிறவனுக்கு இதனால் பெரிய மாற்றம் வராது.

எனக்குக் கார் வேண்டியது வேலைக்குப் போக இல்லை. அதற்கு 100ஆம் இலக்க பஸ் இருக்கிறது. களுத்துறைக்கு அப்பால் உள்ள கட்டுக்குருந்தைப் பந்தயப் பாதையில் ஓட்டத்தான் கார் வேண்டும். கழகங்கள் பயிற்சி நாள் வைக்கும்போது, நேரத்தோடும் மற்றவர்களோடும் போட்டி இல்லாமல், ஒரு வளைவை இருபது தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். அப்பா சின்ன வயதில் என்னை அங்கே கூட்டிப்போவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானங்கள் இறங்கிய ஓடுபாதை அது. பெரிய கார்கள் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுப் போகும். சின்ன மினிகளும் ஃபோர்ட் லேசர்களும்தான் கதவோடு கதவு உரசுகிற மாதிரி வரும். அப்பா அப்போதுதான் வேலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்.

கையில் இருப்பது 26 இலட்சம். ஆறு வருடச் சேமிப்பு. லீசிங் எடுக்க மாட்டேன். கடனில் இருக்கும் காரை ஓடுபாதையில் மனம் விட்டு ஓட்ட முடியாது.

பெப்ரவரி 5, புதன்

இரவு முழுக்க விளம்பரங்கள் பார்த்தேன். பழகுவதற்கு எந்தக் கார் நல்லது என்ற கேள்விக்கு வெளிநாட்டவர்கள் தரும் பதில் பெரும்பாலும் மாஸ்டா எம்எக்ஸ்-5. பாரம் குறைவு, பின்சக்கர இழுவை, எளிமையான கார். சரியான பதில்தான். ஆனால் கொழும்பில் அதன் கதவு ரப்பர் ஒன்று தேவைப்பட்டால் எங்கே போவது? ஜப்பானிலிருந்து வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

என் பட்டியலில் நான்கு கார்கள் நிற்கின்றன. ஹோண்டா சிவிக் ஈஜி, டொயோட்டா ஸ்டார்லட் ஈபி82, 1600 சிசி சுசுகி சுவிஃப்ட், கடைசியில் நிஸான் மார்ச் கே11. மார்ச்சை நானாகச் சேர்க்கவில்லை. வெல்லம்பிட்டியில் கராஜ் வைத்திருக்கும் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னதால் சேர்த்தேன். அப்பாவின் லேசரைப் பழுதுபார்த்தவரும் அவர்தான்.

பெப்ரவரி 12, புதன், போயா (பௌர்ணமி விடுமுறை)

கங்காராமை விகாரையின் பெரஹெரா ஊர்வலத்துக்காக வீதிகளை மூடுவார்கள் என்று வெள்ளனவே கிளம்பி நுகேகொடைப் பக்கம் ஒரு சிவிக் பார்க்கப் போனோம். படத்தில் கண்ணைப் பறித்தது. கறுப்பு ரிம், உள்ளே வாளிபோல் ஆழமான இருக்கை, ஹோண்டாவின் வலுக் கூடிய வீட்டெக் எஞ்சின் மாற்றியதாம். உரிமையாளர் நல்ல மனிதர், தேத்தண்ணீர் தந்தார்.

நானா எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். சூடு. எங்கள் வருகைக்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் குளிர்ந்த நிலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க வழியில்லை. அப்புறம் சீ.ஆர். எனும் வாகனப் பதிவுப் புத்தகத்தை வாங்கி எஞ்சின் இலக்கத்தைத் தேடினார். புத்தகத்தில் பழைய எஞ்சினின் இலக்கம்தான் இன்னும் இருந்தது. மாற்றத்தைப் பதியவே இல்லை.

திரும்பி வரும்போது நானா சொன்னது இது: "தம்பி, ஒராள் மாத்தின காரை வாங்கினா அவர் விட்ட பிழையையும் சேர்த்துக் காசு குடுத்துத்தான் வாங்கணும். முழுசா இருக்கிற, யாரும் கை வைக்காத காரைப் பாருங்க."

ஈஜி சிவிக் என்ற காரின் மேல் எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. சக்கரத்தை மேலும் கீழும் இரு கரத்தால் தாங்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் உள்ள சின்ன கார்கள் எத்தனை இருக்கின்றன? ஆனால் கை படாத ஈஜியை என் காசுக்குள் தேடுவது வீண்.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஸ்டார்லட் ஒன்று பார்த்தேன், மொரட்டுவையில். 1.3 லீற்றர், 100 குதிரைவலு, பாரமும் குறைவு. மனதுக்குப் பிடித்தது. ஆனால் முன்பக்கம் விபத்தில் அடிபட்டு டிங்கரிங் செய்தது. பொனட்டுக்கும் மட்கார்டுக்கும் இடையில் இடப்பக்கம் விரல் நுழைகிறது, வலப்பக்கம் நுழையவில்லை. விட்டுவிட்டேன். சுவிஃப்ட் எல்லாமே கைக்கு எட்டாத விலை.

பெப்ரவரி 19, புதன்

இன்று பஞ்சிகாவத்தை, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த இடம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய் வந்தேன். வாங்க ஒன்றுமில்லை, விசாரிக்கத்தான். கே11 மார்ச்சின் முன் பிரேக் பேட், டிஸ்க், சொக், வீல் பெயாரிங், கிளட்ச் பிளேட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்று கடைகளுக்குள் எல்லாமே கிடைத்தன. புதுசு, பழசு, ஜப்பானிலிருந்து கழற்றி வந்தது என்று ஒவ்வொன்றிலும் தெரிவு வேறு. முழு எஞ்சின்கூட ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தது.

நானா ஏன் அந்தக் காரையே திரும்பத் திரும்பச் சொன்னார் என்று அங்கே நின்றபோதுதான் விளங்கியது. ஓடுபாதையில் ஏதாவது உடையும், கட்டாயம் உடையும். உடைந்ததை மறுநாள் நடந்துபோய் வாங்க முடிந்தால் அடுத்த மாதமும் ஓட்டலாம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

இன்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரேக் பிடிக்கும்போது காரின் ஓட்ட ஆற்றல் பெரும்பாலும் சூடாக மாறிப் பேட்டிலும் டிஸ்கிலும் இறங்குகிறது. அந்த ஆற்றல் பாரத்தோடு நேர்விகிதத்தில் கூடும், வேகத்தோடு வர்க்கமாகக் கூடும். 800 கிலோ மார்ச் 130 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,400 கிலோ கார் ஒன்று அதே இடத்துக்கு 180இல் வருகிறது. இரண்டாவது காரின் பிரேக் விழுங்க வேண்டிய சூடு மூன்று மடங்கையும் தாண்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு வளைவிலும் இதே கதை. டயரும் அதே மாதிரித்தான் தேயும்.

வேகமான காரை வாங்குவதோடு செலவு முடிவதில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். எண்ணில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காரை வாங்கினால் வருடத்துக்கு இரண்டு நாள் ஓட்டுவேன். மார்ச் காரென்றால் எட்டு நாள் ஓட்டலாம். நான் பழக வந்தவன், எனக்கு நாட்கள்தான் வேண்டும்.

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

கோயிலுக்குப் போக முன் அம்மாவிடம் விசயத்தைச் சொன்னேன். இவ்வளவு நாளும் மறைத்தது எனக்கே பிடிக்கவில்லை. அம்மா உடனே தியத்தலாவையைத்தான் கேட்டார். போன வருடம் ஏப்ரலில் அங்கே நடந்த போட்டியில் கார் பாதையை விட்டுப் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். குழந்தையும் ஒன்று.

"அப்பாவும் நீயும் வேலிக்குப் பக்கத்திலதானே நிண்டனீங்கள்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. பயிற்சி நாளில் பார்வையாளர்களைப் பாதை ஓரம் விடமாட்டார்கள், முந்துவதற்கும் முன்னால் போகிறவர் கை காட்ட வேண்டும் என்றெல்லாம் பிறகு சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். "முதல்ல நல்ல தொப்பி வாங்கு" என்று மட்டும் சொன்னார். ஹெல்மெட்டைத்தான் சொல்கிறார்.

மார்ச் 1, சனி

வாங்கிவிட்டேன்.

வத்தளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கார். கே11, 1000 சிசி, ஐந்து கியர் மெனுவல். நான் பார்த்தவற்றில் பாதி ஒட்டோ கியர், அதனால்தான் இவ்வளவு நாள் எடுத்தது. வெளிறிய வெள்ளை, பின் பம்பரில் கீறல், இருக்கைத் துணி கிழிசல். விலை 18.5 இலட்சம்.

நானா காலை ஏழு மணிக்கே வந்தார். எஞ்சின் குளிர்ந்திருந்தது. முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. ஒயில் மூடியின் அடியில் வெள்ளைக் குழம்பும் இல்லை. ஒயிலும் தண்ணீரும் கலக்கவில்லை என்று அர்த்தம். பிளக்குகளைக் கழற்றி நாலு சிலிண்டருக்கும் கொம்ப்ரெஷன், உள்ளழுத்தம், பார்த்தார். கூடியதற்கும் குறைந்ததற்கும் 8 பிஎஸ்ஐதான் வித்தியாசம். இந்த எஞ்சினில் பெல்ட் இல்லை, டைமிங் செயின்தான். தொடங்கும்போது சலசலக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார், சத்தமில்லை. கதவுக்குக் கீழே, கம்பளத்தைத் தூக்கி, ஜாக்கி வைக்கும் இடம் எல்லாம் துரு தேடினார். இடப்பக்கம் உள்ளங்கை அளவு இருந்தது. அதைக் காட்டி 50,000 குறைத்துத்தான் இந்த விலை.

60 குதிரைவலு அளவுதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். 1992இல் வந்த இந்த வடிவம் 1993இல் ஐரோப்பாவின் வருடத்துக்கான காராகத் தெரிவானது, ஜப்பானியக் கார் ஒன்றுக்கு முதல் தடவையாக. நம் நாட்டுப் போட்டிகளில் இதற்கென்று தனிப் பிரிவே இருந்திருக்கிறது.

நோன்பு தொடங்கப்போகிறது, அதற்குப் பிறகு வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்றார் நானா. அவசரமே இல்லை என்றேன்.

மார்ச் 15, சனி

மிச்சம் ஏழரை இலட்சம். பெயர் மாற்றம், காப்புறுதி போக மீதியைக் காரின் வேகத்துக்காகத் தொடுவதில்லை என்று முடிவு. ஒயில், கூலன்ட், கியர் ஒயில் எல்லாம் மாற்றியாயிற்று. ரேடியேட்டர் ஹோஸ் புதுசு. பற்றரியை இறுக்கும் கம்பி தளர்ந்திருந்தது, அதையும் சரிசெய்தோம்.

நான் விரிவாக எழுத நினைப்பது பிரேக் ஒயிலைப் பற்றித்தான். நானா பழையதை ஒரு போத்தலில் இறக்கிக் காட்டினார். பிளேன்டீ, பால் விடாத தேத்தண்ணீர் நிறம். இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கொழும்புக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. டொட் 3 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 140. டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதிப்பது சக்கரத்துக்குப் போகாது, பெடல் தரையைத் தொடும். காலி வீதியில் பத்து வருடம் ஓட்டினாலும் தெரியவராத பிழை கட்டுக்குருந்தையில் ஐந்தாவது சுற்றில் தெரியவரும்.

டொட் 4 புதுப் போத்தலைத் திறந்து ஊற்றி நாலு சக்கரத்திலும் பிரேக் குழாய்க் காற்றை எடுத்தோம். நான் பெடலை மிதிக்க, நானா கீழே படுத்து "பிடிங்க... விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நோன்போடு, அந்த வெயிலில். ஐந்தரைக்கு நானே நிறுத்தச் சொன்னேன். நோன்பு திறக்க அவர் வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை.

மார்ச் 22, சனி

நாலு டயர், 13 அங்குலம். சாதாரண வீதி டயர்தான். கடைக்காரர் முதலில் தந்த சோடியின் பக்கச் சுவரில் 1119 என்று இருந்தது, 2019இன் பதினோராவது வாரம் செய்தது. பூ, அதாவது மேல் வெட்டுகள், நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். வேறு கேட்டு வாங்கினேன். பிடிமானம் கூடிய டயர் வேண்டாமா என்று நண்பன் கேட்டான். இப்போது வேண்டாம். வீதி டயர் கத்திச் சொல்லிவிட்டு மெதுவாக வழுக்கும், அதில்தான் பழக வேண்டும்.

ஹெல்மெட்டும் வாங்கினேன், முழு முகம் மூடுவது. அம்மா தலையில் போட்டுப் பார்த்து, பாரமாக இருக்கிறது என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை ஐந்துக்குக் கிளம்பினேன். பக்கத்து இருக்கையில் நானா. பாணந்துறை, வாதுவை தாண்டிக் களுத்துறைப் பாலத்தில் வெளிச்சம் வந்தது. களுத்துறைப் போதி மரத்துக்கு முன்னால் எல்லா வாகனமும் நிறுத்திக் காசு போடும், நாங்களும் போட்டோம்.

காப்புறுதி இந்த ஓட்டத்துக்குச் செல்லாது என்பதில் கையெழுத்து வைத்துத்தான் உள்ளே போகிறோம். இந்தக் கார் முழுசாகப் போனாலும் என் வீடு நடக்கும். வாங்குவதற்கு முன் நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான், அதற்குப் பதில் இருந்ததால்தான் அந்தப் பேனாவைப் பிடிக்க முடிந்தது.

முதல் தடவை ஆறு சுற்று. எல்லாரும் என்னை முந்தினார்கள், ஒவ்வொருவருக்கும் கை காட்டினேன். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் நான் பிரேக் பிடிக்கும் இடம் வெகு முன்னாலேயே இருந்தது, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தள்ளினேன். பெடல் கடைசிவரை கல்லுப்போல் இருந்தது. உள்ளே வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு நிறுத்தினேன். சூடான பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வைக்கக் கூடாது.

மூன்றாவது தடவையில் ஒரு வளைவில் வேகமாக நுழைந்துவிட்டேன். முன் டயர்கள் கத்தின, கார் திரும்பாமல் நேராக வெளியே தள்ளியது. ஸ்டியரிங்கை இன்னும் திருப்ப நினைத்த கையை அடக்கி அக்ஸலேட்டரை மெல்ல விட்டேன். மூக்கு உள்ளே வந்தது. 60 குதிரைவலுக் கார் அந்த யோசனைக்கு நேரம் தந்தது. அடுத்த சுற்றில் அதே இடத்தில், வேண்டுமென்றே, அதையே மறுபடி செய்தேன். மறுபடி வந்தது.

இரண்டரைக்கு மழை. மாலை ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

வேலை முடிந்து வந்து டோர்ச் வைத்துப் பார்த்தேன். முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் உருண்டு தேய்ந்திருக்கிறது, நடுப்பகுதி அப்படியே. காற்று இன்னும் கொஞ்சம் கூட வைத்திருக்க வேண்டும். பேட் பாதிக்கு மேல் இருக்கிறது. கூலன்ட் மட்டம் இறங்கவில்லை. ஒயில் அரை மில்லிமீற்றர் குறைவு.

நாளை மதியம் பஞ்சிகாவத்தை, ஒரு சோடி பேட்.