பி0011 வந்தால் முதலில் ஆயில் குச்சி

கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன், பெட்ரோல் கார்கள்தான் அதிகம் வரும். இப்போதெல்லாம் வண்டிக்காரரே கோடு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண், படித்துவிட்டுத்தான் வருகிறார். ஆன்லைனில் ஒரு சின்ன ஓபிடி கருவி வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டால் போனில் எல்லாம் வந்துவிடுகிறது. "கேம்ஷாஃப்ட்டு போயிருச்சுங்களாண்ணா, பேங்க் ஒண்ணுங்குது" என்று பதறுவார்கள். பேங்க் என்றால் சிலிண்டர் வரிசை. நாலு சிலிண்டர் வரிசையாக நிற்கும் வண்டியில் இருப்பதே ஒரு பேங்க்தான், அந்த ஒன்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பி0011 என்றால் இன்டேக் கேம் (எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு) இருக்கவேண்டிய இடத்தைவிட முன்னால் போய் நிற்கிறது, வால்வு சீக்கிரமே திறக்கிறது என்று பொருள். ஏன் அங்கே நிற்கிறது என்பதைக் கோடு சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நமக்குக் கூலி.

சமீபத்தில் திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர் தன் ஹேட்ச்பேக்கைக் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) கியர், கேமைச் சுற்றும் டைமிங் செயின், சொலினாய்டு, இரண்டு கேம் சென்சார் எல்லாம் மாற்றவேண்டும் என்று 38,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். வண்டியின் நோய் இதுதான்: ரோட்டில் நன்றாகப் போகும், சிக்னலில் நின்றால் குலுங்கும், ஏசி போட்டால் ஆஃப் ஆகிவிடும். சாவியை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சில நேரம் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

இந்த நோயிலேயே பாதி விடை இருக்கிறது. இன்டேக் கேமின் முனையில் இருக்கும் விவிடி கியருக்குள் இறக்கை மாதிரித் தகடுகள். தகட்டின் இரு பக்கமும் ஆயில் அறைகள். எந்த அறைக்கு ஆயில் போகிறதோ அதற்கேற்ப கேம் முன்னாலோ பின்னாலோ திரும்பும். ஆயிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை ஈசியு (எஞ்சினின் கம்ப்யூட்டர்) சொல்ல, சொலினாய்டு என்ற மின் வால்வு செய்கிறது. வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் கேம் பின்னால்தான் இருக்கவேண்டும். முன்னாலேயே சிக்கிக்கொண்டால் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் அதிகம் திறந்திருக்கும். எரிந்த புகை திரும்ப உள்ளே வரும், எஞ்சின் குலுங்கும். அதே கேம் பின்னால் சிக்கினால் நேர் எதிர்: ஐடிலிங் அருமையாக இருக்கும், ஏற்றத்தில் இழுவை இருக்காது, மைலேஜ் குறையும். அதற்கு வருவது பி0012. ஆக, வண்டி எங்கே தகராறு செய்கிறது என்று ஓட்டுபவரிடம் கேட்டாலே பாதை பிரிந்துவிடும்.

ஸ்கேனரை மாட்டி எஞ்சின் சூடானதும் லைவ் டேட்டா பார்த்தேன். கேம் நிற்கவேண்டிய கோணம் 0 டிகிரி, நிற்பது 28. சொலினாய்டின் கனெக்டரைக் கழற்றிவிட்டேன். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங் வால்வைப் பின்னுக்குத் தள்ளி, கேமும் பின்னால் வந்து, ஐடிலிங் சீராகவேண்டும். ஆகவில்லை, குலுங்கிக்கொண்டே இருந்தது. அப்போது வயரிங்கையும் ஈசியுவையும் சந்தேகப்பட வேலையில்லை. ஒன்று வால்வு சிக்கியிருக்கிறது, இல்லையென்றால் கியர் சிக்கியிருக்கிறது. கனெக்டரைக் கழற்றியதற்கு பி0010 என்று தனியாக ஒரு கோடு விழும், அதை அழித்துவிட்டால் போதும்.

வால்வைத் தொடுமுன் ஆயில் குச்சி. லெவல் கீழ்க்கோட்டுக்கும் கீழே. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. "ஆயிலு இப்பத்தானுங்க மாத்துனேன், நல்ல கெட்டி ஆயிலாப் போட்டுக் குடுத்தாங்க" என்றார். போட்டிருந்தது 20டபிள்யூ-50, அந்த வண்டிக்கு வேண்டியது 0டபிள்யூ-20. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் கருப்பட்டிப் பாகு மாதிரி அடை. அந்தக் காலத்து எஞ்சின் கெட்டி ஆயிலைச் சகித்துக்கொண்டது. விவிடி எஞ்சினில் ஆயிலுக்கு உயவு வேலை மட்டுமல்ல, கேமைத் திருப்பும் வேலையும் இருக்கிறது. மிகச் சின்ன துவாரங்கள் வழியாக, ஈசியு கேட்ட வேகத்தில் அது போய்ச் சேரவேண்டும். கெட்டி ஆயில் என்றால் நல்ல ஆயில் என்ற நினைப்பு நம்ம ஊரில் இன்னும் போகவில்லை.

சொலினாய்டைக் கழற்ற ஒரே ஒரு 10-ஆம் நம்பர் போல்ட்தான். ஓ-ரிங் பிடித்துக்கொள்ளும், ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பக்கூடாது, இடம் வலமாகத் திருப்பித் திருப்பி இழுத்தால் வந்துவிடும். மல்டிமீட்டரில் 7.4 ஓம் காட்டியது, காயில் நன்றாகவே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வால்வின் பக்கவாட்டு வாயில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துணுக்கு, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. சிலிகான் பேஸ்ட். முன்பு யாரோ வால்வ் கவர் வேலை பார்த்தபோது தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்திருப்பார்கள், உள்ளே பிதுங்கியதை யார் பார்ப்பது? ஆயிலோடு சுற்றி வந்து இங்கே உட்கார்ந்துவிட்டது.

துணுக்கை எடுத்துவிட்டு, கிளீனர் அடித்து, பேட்டரியிலிருந்து 12 வோல்ட் ஒரு நொடி தொட்டேன். தொடர்ந்து கொடுத்தால் காயில் சூடாகிவிடும், தொட்டுத் தொட்டு எடுக்கவேண்டும். 'டிக்' சத்தம் கேட்டதோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது, உள்ளே இருக்கும் தண்டு முழுதும் போய் முழுதும் திரும்புகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். இதில் போனது, திரும்பும்போது தயங்கியது. தண்டில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கீறல். வெறும் அடை என்றால் கழுவிப் போட்டுவிடலாம். கீறல் விழுந்ததைக் கழுவிப் போட்டால் வண்டி திரும்பி வரும். புது வால்வுதான் போட்டேன். சில எஞ்சின்களில் இந்த வால்வுக்கு முன்னால் சின்ன வலை ஒன்று இருக்கும், அதையும் எடுத்துக் கழுவவேண்டும். அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

எஞ்சின் ஃப்ளஷ் ஊற்றலாமா என்று கேட்டார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. இவ்வளவு அடை உள்ள எஞ்சினில் அது மொத்தமாகப் பெயர்ந்து கீழே ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்தால், விவிடி போய் பேரிங் செலவு வந்துவிடும். சரியான கிரேடு ஆயில், புது ஃபில்டர், 1,000 கிலோமீட்டரில் மறுபடி ஒரு மாற்று. மெதுவாகக் கரைந்து போகட்டும்.

அப்புறம் கோடு அழித்துவிட்டு மருதமலைப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். பையன் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். ஏற்றத்தில் கேட்ட கோணமும் வந்த கோணமும் ஒன்றையொன்று விடாமல் தொடர்ந்தன. நிறுத்தியதும் இரண்டும் 0. செயினையோ கியரையோ தொடவே இல்லை.

அதற்காக செயின் கெடவே கெடாது என்று சொல்லவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி 'கடகட' என்று சத்தம் வந்து நின்றால், ஆயில் ப்ரெஷர் ஏறும்வரை கியரைப் பூட்டி வைக்கும் முளை (பின்) தேய்ந்திருக்கலாம். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்தாலும் அப்படிச் சத்தம் வரும். சத்தத்தோடு பி0016-உம் வந்தால் பேச்சே வேறு. பிஸ்டன்கள் சுற்றும் கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது அந்தக் கோடு. சென்சாரோ வயரோ காரணமாக இருக்கலாம். செயின் நீண்டோ ஒரு பல் தாண்டியோ இருக்கவும் வாய்ப்புண்டு. பல எஞ்சின்களில் செயின் இன்னும் சில பல் தாண்டினால் பிஸ்டன் வால்வைத் தட்டிவிடும், ஹெட்டைக் கழற்றவேண்டிய செலவு. இந்தச் சத்தமும் பி0016-உம் சேர்ந்து வந்த வண்டியை "பட்டறை வரைக்கும் ஓட்டிட்டு வந்தர்றனுங்க" என்று யாராவது போனில் சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சாவியை அணைத்துவிட்டு டோ வண்டிக்குச் சொல்லுங்கள்.