காது வச்ச பந்தும் கழுத்துல தொங்குற பைனாகுலரும்

போன வாரம் அலமாரிய ஒழுங்குபடுத்தலாம்னு உக்காந்தேன். எங்க ஒழுங்குபடுத்துனேன், வழக்கம் போல உள்ள இருந்தத எல்லாம் வெளிய எடுத்து ஒவ்வொண்ணா கண்ணுல வச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு பைனாகுலர், ஒரு டெலஸ்கோப் (அது அலமாரிக்குள்ள போகாது, மூலைல பழைய பெட்ஷீட் போத்திக்கிட்டு நிக்குது), ஒரு கேமரா, 300 எம்எம் லென்ஸ் ஒண்ணு, எதுக்கு வாங்குனேன்னே மறந்து போன அடாப்டருங்க ஒரு டப்பா நிறைய. இதுல எது அதிகமா தேஞ்சிருக்குன்னு பாத்தா அந்த 8×42 பைனாகுலர் தான் (8 மடங்கு பெருசாக்கும், முன்னாடி லென்ஸ் 42 எம்எம்). கை படுற இடத்துல ரப்பர் வழவழன்னு ஆயிடுச்சு, ஸ்ட்ராப் ஒரு தடவ அறுந்து மாத்தியாச்சு. டெலஸ்கோப் பாவம், இன்னும் கல்யாண மாப்பிள்ள மாதிரி பளபளன்னு நிக்குது.

நான் இத எல்லாம் வாங்குன வரிசையே தலைகீழ். முதல்ல வாங்குனது ஒரு 60 எம்எம் டெலஸ்கோப், பெட்டி மேல 525 மடங்குன்னு கொட்ட எழுத்துல போட்டிருந்தாங்க, நானும் ஆஹா 525ன்னு வாய பொளந்துக்கிட்டு வாங்கிட்டேன். முன்னாடி இருக்கிற லென்ஸோட விட்டம் எத்தன எம்எம்மோ அத ரெண்டால பெருக்குங்க, அதுக்கு மேல பெருசாக்குறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. 60ன்னா 120. மிச்ச நானூத்திச் சொச்சமும் பெட்டிக்கு மட்டும் தான் அழகு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவ போஸ்டர் அளவுக்கு இழுத்தா மூக்கு பெருசாகும், முகம் தெளிவாகாது இல்லையா, அந்தக் கத தான். அதுக்குக் குடுத்த ட்ரைபாட் வேற கொக்கு கால் மாதிரி, மூச்சு விட்டா நிலா ஆடும்.

அதுல கூடவே ஐபீஸ்ல (நாம கண்ணு வைக்கிற பக்கத்து குட்டி லென்ஸ்) திருகுற மாதிரி கருப்பா ஒரு சின்ன கண்ணாடி வந்துச்சு, சூரியன பாக்கவாம். யார்கிட்டயாவது அது இருந்தா தயவு செஞ்சு இன்னிக்கே குப்பைல போடுங்க. லென்ஸ் வெயில மொத்தமா குவிச்சு அந்தச் சின்ன கண்ணாடி மேல தான் கொண்டு வந்து கொட்டும், சூட்டுல அது விரிசல் விட்டா அடுத்தது உங்க கண்ணு தான். சூரியன பாக்குற ஃபில்டர்னா குழாயோட வாய்ல, முன்னாடி, முழுசா மூடுற மாதிரி போடணும். பைனாகுலருக்கும் கேமராவுக்கும் கூட இதே தான்.

அடுத்த கூத்து 20×50 பைனாகுலர். பெரிய நம்பர் பைத்தியம் இன்னும் தெளியல பாருங்க. கைல பிடிச்சுப் பாத்தா பருந்து எல்லாம் டான்ஸ் ஆடுது. 20 மடங்குன்னா பறவைய மட்டும் இல்ல, என் கை நடுக்கத்தயும் சேத்து 20 மடங்கு ஆக்குதுங்கிறது அப்புறம் தான் உறைச்சுது. கைல பிடிக்கணும்னா 8, அதிகபட்சம் 10, அதுக்கு மேலன்னா ட்ரைபாட் இல்லாம வேலைக்கு ஆகாது.

இன்னொரு கணக்கும் இருக்கு. ரெண்டாவது நம்பர முதல் நம்பரால வகுத்தா உங்க கண்ணுக்குள்ள போற வெளிச்ச வட்டத்தோட அளவு கிடைக்கும். 20×50க்கு 2.5 எம்எம், 8×42க்கு 5.25 எம்எம். பகல்ல ரெண்டும் ஒண்ணு தான், ஏன்னா பகல்ல நம்ம கண்மணியே ரெண்டு மூணு எம்எம் தான் திறந்திருக்கும். சாயங்காலம் ஆக ஆக கண்மணி விரியும், சின்ன வயசுல 7 எம்எம் வரைக்கும் கூட போகும், வயசாக ஆக அது குறையும், அப்ப தான் 2.5க்கும் 5.25க்கும் உள்ள வித்தியாசம் மூஞ்சில அறையும். ஒரே புதர், ஒரே நேரம், ஒண்ணுல வெறும் கருப்பு, இன்னொண்ணுல இலைக்குள்ள உக்காந்திருக்க ஆந்தையோட கண்ணு.

இத பைனாகுலர் வாங்குறதுக்கு முன்னாடியே செக் பண்ணலாம். கைய நல்லா நீட்டி, வெளிச்சமான சுவரப் பாத்து பிடிங்க, நாம பாக்குற பக்கத்து கண்ணாடில ரெண்டு குட்டி வெள்ள வட்டம் தெரியும். அது முழு வட்டமா இருந்தா சந்தோஷம். ஓரம் வெட்டுன மாதிரி, சாம்பல் நிழல் அடிச்சு சதுரமா தெரிஞ்சா உள்ள ப்ரிசத்துல (படத்த நிமித்திக் காட்டுற கண்ணாடிக் கட்டை) மிச்சம் பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். என் 20×50ல சதுரம் தான், வாங்கி மூணு வருஷம் கழிச்சு பாத்தேன்.

அப்புறம் வலது கண்ணு வைக்கிற இடத்துல திருகுற மாதிரி இருக்க அந்த ரிங். அத நான் ரொம்ப நாள் தொட்டதே இல்ல, ஏதோ டிசைன்னு நெனச்சுக்கிட்டேன், அரை மணி நேரம் பாத்தா தலவலி வரும், பைனாகுலர்னாலே தலவலி தான் போலன்னு விட்டுட்டேன். நம்ம ரெண்டு கண்ணும் ஒரே பவர்ல இருக்காது, அத சரி பண்ணத் தான் அந்த ரிங். முன்னாடி வலது பக்க லென்ஸ கையால மூடிட்டு நடு சக்கரத்துல இடது கண்ணுக்கு ஃபோகஸ் பண்ணணும், அப்புறம் இடது பக்கத்த மூடிட்டு சக்கரத்த தொடாம ரிங்க மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்கணும், அவ்ளோ தான், அந்த ரிங் நிக்கிற இடத்த மனசுல வச்சுக்கிட்டா போதும். கண்ணாடி போட்டவங்க அந்த ரப்பர் கப்ப உள்ள திருகிடுங்க. சினிமால காட்டுற மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு வட்டம் தெரிஞ்சா நடுவுல மடக்கியோ விரிச்சோ சரி பண்ணணும், ஒரே வட்டமா தான் தெரியணும்.

பறவைய பைனாகுலர்ல பிடிக்கத் தெரியாம தவிக்கிறவங்களுக்கு ஒண்ணு. கீழ குனிஞ்சு பைனாகுலர பாத்து எடுத்து கண்ணுல வச்சு அப்புறம் மரம் முழுக்க துழாவாதீங்க. பறவை மேல வச்ச கண்ண எடுக்காம பைனாகுலர கண்ணுக்குக் கொண்டு வாங்க. நாலு நாள்ல கை பழகிடும். அப்படி ஒரு நாள் தண்ணி ஓரத்துல மீன்கொத்தி ஒண்ணு மாட்டுச்சு, பத்து பன்னெண்டு அடி தூரம் தான் இருக்கும். அலகுல மீன் குறுக்கால மாட்டியிருக்கு, உக்காந்திருந்த குச்சில வலது பக்கம் ஒரு அடி, இடது பக்கம் ஒரு அடி, துணி தொவைக்கிற மாதிரி, மீன் அடங்குற வரைக்கும். அப்புறம் நைசா தூக்கிப் போட்டு தலைய முன்னாடி திருப்பி ஒரே முழுங்கு. முதுகுல அந்த நீலம் இருக்கே, அது சாயமே இல்லையாம், இறகுக்குள்ள இருக்க நுண்ணிய அமைப்பு வெளிச்சத்த சிதறடிச்சு வர்ற நிறம், அதான் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு அசையுறப்ப நீலம் வேற வேற நீலமா மாறிட்டே இருந்துச்சு. கேமரா தோள்ல தான் தொங்குது. கைய எடுத்தா பறந்துடும்னு எடுக்கல.

ராத்திரிக்கும் முதல்ல பைனாகுலர் தான். கார்த்திகை கூட்டத்துல வெறும் கண்ணுக்கு ஆறு தெரியும், 8×42ல பாத்தா வைரத்த கொட்டுன மாதிரி இருக்கும், எண்ணி மாளாது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி மங்கலா ஒரு பஞ்சுப் பொட்டு மாதிரி தான், ஆனா அந்த வெளிச்சம் கிளம்பி 25 லட்சம் வருஷம் ஆச்சுன்னு நெனச்சுட்டு பாத்தா கொஞ்ச நேரம் கீழ இறக்க மனசு வராது. சுவத்துல சாஞ்சு முழங்கைய ஊன்றிக்கிட்டா வியாழன் பக்கத்துல அதோட நிலாக்கள் ஒரே கோட்டுல புள்ளி புள்ளியா தெரியும். கலிலியோ 1610 ஜனவரி 7ஆம் தேதி பாத்தது இதத் தான். அவர் குழாய் சுமார் 20 மடங்கு, ஆனா பார்வை வட்டம் ரொம்ப குறுகல், முழு நிலா கூட ஒரே பார்வைல அடங்காது. அந்த விஷயத்துல நம்ம நெலம எவ்வளவோ தேவல.

சரி, மூலைல நிக்கிறவருக்கு வருவோம். ரெண்டாவதா வாங்குன டெலஸ்கோப் 150 எம்எம் டாப்சோனியன், முன்னாடி லென்ஸுக்குப் பதிலா உள்ள குழி ஆடி வச்சது, ஃபோகல் லெங்த் 1200 எம்எம், அத ஐபீஸோட எம்எம்மால வகுத்தா மடங்கு வரும். 25 எம்எம் ஐபீஸ் போட்டா 48 மடங்கு, 10 எம்எம் போட்டா 120. நல்ல மெஷின், குறையே சொல்ல மாட்டேன். ஆனா அது ஒரு ஆள் மாதிரி, கூப்பிட்ட உடனே வராது. தூக்கிட்டு வெளிய வைக்கணும், அரை மணி நேரமாவது வெளிக்காத்துக்கு ஆறணும், இல்லன்னா குழாய்க்குள்ள இருக்க சூட்டுல படம் கொதிக்கும். வானம் தெளிவா இருந்தாலும் மேல காத்து அலஞ்சா வியாழன் தண்ணிக்கடில கெடக்க காசு மாதிரி நெளியும். பெளர்ணமி அன்னிக்கு நிலாவ பாக்காதீங்க, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி தட்டையா இருக்கும், அரை நிலா சமயம் இருட்டும் வெளிச்சமும் சேர்ற அந்தக் கோட்டுல தான் பள்ளம் எல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிக்கும்.

அந்த டெலஸ்கோப்போட உச்சகட்ட நாள்னா 2020 டிசம்பர் 21. வியாழனும் சனியும் ஒட்டிக்கிட்டு நின்ன நாள், ரெண்டுக்கும் நடுவுல நிலாவோட அகலத்துல அஞ்சுல ஒரு பங்கு தான் இடவெளி, 1623க்கு அப்புறம் அவ்ளோ நெருக்கம் அன்னிக்குத் தான். சூரியன் மறஞ்சதும் தென்மேக்குல தாழ்வா, கொஞ்ச நேரம் தான் கிடைக்கும். நான் சாயங்காலமே ஆற வச்சு ரெடி. முதல்ல என் பொண்ண பாக்க விட்டேன், அப்ப அவளுக்கு ஏழு வயசு, ஸ்டூல் போட்டு ஏறி ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு சொன்னா: "அப்பா, ஒண்ணு வெறும் பந்து, இன்னொண்ணு காது வச்ச பந்து."

கலிலியோவுக்கும் 1610ல அது கிட்டத்தட்ட அப்படித் தான் தெரிஞ்சுது, சனிக்கு ரெண்டு பக்கமும் துணைக்கு ரெண்டு உருண்டைன்னு நெனச்சார். அது வளையம்னு டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் 1659ல எழுதுற வரைக்கும் யாருக்கும் பிடிபடல. இத எல்லாம் அவகிட்ட சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா, "சரி சரி தள்ளு, போட்டோ எடுக்கணும்."

செல்போன ஐபீஸ்ல மாட்டுற அடாப்டர் ஒண்ணு இருந்துச்சு. மாட்டுனா வெயிட்டுல குழாய் தாழுது. சரி பண்ணா கிரகம் வெளிய. 120 மடங்குல பூமி சுத்துற வேகத்துக்கு ஒரு கிரகம் பார்வை வட்டத்த ஒன்றரை நிமிஷத்துல கடந்துடும், நான் தேடிப் பிடிச்சு ஃபோகஸ் பண்றதுக்குள்ள அது கிளம்பிடுது, மறுபடி தேடு, மறுபடி தட்டு, மறுபடி ஆடு. நாப்பது நிமிஷம். கடைசில கிடச்சது ரெண்டு வெள்ளத் திட்டு, டார்ச் அடிச்ச மாதிரி, வளையமும் இல்ல ஒண்ணும் இல்ல. அதுக்குள்ள ரெண்டும் மரத்துக்குப் பின்னாடி இறங்கிடுச்சு. அவ அந்த நேரம் பூரா 8×42ஓட சுவத்துல சாஞ்சு உக்காந்து பாத்துட்டு இருந்தா. நான் கண்ணால பாத்தது மொத்தமா பத்து செகண்ட் இருந்தா அதிகம்.

அதுக்காக கேமரா வேண்டாம்னு சொல்ல வரல, எனக்கு அதுவும் பைத்தியம் தான். கண்ணுக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும். ஓரியன் நெபுலா (வானத்துல இருக்க ஒரு வாயு மேகம்) டெலஸ்கோப்ல சாம்பல் பூசுன மாதிரி ஒரு புகை தான், ஏன்னா மங்குன வெளிச்சத்துல நம்ம கண்ணுல நிறம் பாக்குற செல்கள் வேலையே செய்யாது. கேமரா பத்து இருபது செகண்ட் வெளிச்சத்த சேத்து வச்சு அதே புகைய ரோஸ் கலர்ல காட்டும். நிலாவுக்கு மட்டும் கேமராவ ஆட்டோ மோடுல விடாதீங்க, சுத்தி இருக்க இருட்ட பாத்து ஏமாந்து நிலாவ வெள்ளத் தட்டு ஆக்கிடும். நிலாங்கிறது வெயில் அடிக்கிற பாறை, அதுக்குப் பகல் வெளிச்ச கணக்கு தான், லென்ஸ் திறப்பு எஃப் 11, வெளிச்ச உணர்வு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 செகண்ட்ல ஆரம்பிங்க. 300 எம்எம் லென்ஸ் போட்டாலும் சென்சார் மேல நிலா மூணு எம்எம் கூட வராது, ஏமாந்துடாதீங்க. இன்னொண்ணு, கண்ணு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், கேமரா ஸ்கிரீன ஒரு தடவ பாத்தா அத்தனையும் போச்சு, மறுபடி முதல்ல இருந்து.

அந்த 300 எம்எம்ம பைக்குள்ள போட்டு மூடியே ரெண்டு மழைக்காலம் விட்டுட்டேன். எடுத்து டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள ஓரத்துல எட்டுக்கால் பூச்சி வல மாதிரி ஃபங்கஸ். பிரிச்சு கிளீன் பண்ணியாச்சு, ஆனா கோட்டிங்க அரிச்ச தடம் அப்படியே இருக்கு. இப்ப எல்லாம் காத்துப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் தான். பைனாகுலருக்கு அந்த சீக்கு வரல, அத தான் டப்பாக்குள்ள வைக்கவே நேரம் கிடைக்கலையே.

2025 கடைசில ஒரு நாள் டெலஸ்கோப்ப வெளிய எடுத்தோம். சனியோட வளையம் பதினஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா நமக்கு விளிம்ப காட்டித் திரும்பும், அது நடந்தது அந்த வருஷம் மார்ச்ல, அப்புறமும் மாசக்கணக்கா மெலிசா தான் இருந்துச்சு, ஊசி கோத்த மணி மாதிரி. பொண்ணுக்கு இப்ப ஸ்டூல் வேண்டாம், குனிஞ்சு தான் பாக்குறா. "காது எங்கப்பா?"ன்னா. கலிலியோவும் 1612ல இதையே தான் கேட்டார்னு இந்தத் தடவ சொன்னேன், 2032 வாக்குல முழுசா விரிஞ்சிடும்னும் சொன்னேன். அப்ப எனக்குப் பத்தொம்பதுன்னு கணக்கு போட்டுட்டு, போட்டோ எடுக்கலையான்னு கேட்டா. அடாப்டர் டப்பா உள்ள அலமாரில இருந்துச்சு. அதுக்குள்ள சனி ஓரத்துக்குப் போயிடுச்சு, தள்ளும்மான்னு சொல்லிட்டு குழாய லேசா நகத்தி மறுபடி நடுவுல கொண்டு வந்தேன்.