கண்ணாடி ஓரத்துப் பொட்டுகள்

வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகச் சென்ற மாதம் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக் கூடத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அதன் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக 11 ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருப்பது கண்ணில் பட்டது. அரக்கு நிறத்தில் ஐந்து, கறுப்பில் நான்கு, அக்காள் மகள் கல்யாணத்துக்கு வைத்துக்கொண்ட கல் பதித்த பொட்டு ஒன்று, என்ன நிறம் என்றே தெரியாமல் வெளுத்துப்போன ஒன்று. இரவில் முகம் கழுவும்போது எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, காலையில் அதையே எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தான். நான் பொட்டை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பொட்டுகள்தாம் கண்ணாடியை விடவில்லை.

எனக்கு இப்போது 58 வயது. வங்கியில் கவுண்டர் வேலை. முன்பெல்லாம் காலையில் சமையலை முடித்து, டிபன் பாக்ஸ்களைக் கட்டி, எட்டே முக்கால் பேருந்தைப் பிடிப்பதற்கு முன்னால் கண்ணாடி முன் நிற்பதற்கென்று 20 நிமிடங்களை எப்படியோ மிச்சம் பிடித்துவிடுவேன். கிரீம், அதன்மேல் பவுண்டேஷன், அதன்மேல் பவுடர், கண்ணுக்கு மை, நெற்றிக்குப் பொட்டு. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை தலைச்சாயம். இவற்றையெல்லாம் ஒரே நாளில் துறந்து ஞானம் பெற்றதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையில்லை. ஏழு ஆண்டுகளில் ஒவ்வொன்றாக விட்டேன். பெரும்பாலும் வேறு வழியில்லாமல்தான் விட்டேன்.

முதலில் போனது பவுடர். 51 வயதில் அலுவலக அடையாள அட்டையைப் புதுப்பிப்பதற்காக எடுத்த புகைப்படத்தில், கண்ணுக்குக் கீழேயும் வாயின் இருபுறமும் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. விளக்கு வெளிச்சம் சரியில்லை என்று புகைப்படக்காரரிடம் குறைபட்டுக்கொண்டேன். உண்மையில் அது பவுடர். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையக் குறையத் தோலில் எண்ணெய் சுரப்பதும் குறைந்துவிடுகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் முதல் ஐந்து ஆண்டுகளிலேயே போய்விடுகிறது என்கிறார்கள். எண்ணெய் வழியும் முகத்துக்காக ஏற்பட்ட பொருள் பவுடர். உறிஞ்சுவதற்கு எண்ணெய் இல்லாத முகத்தில் அது சுருக்கங்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, இல்லாத சுருக்கத்தையும் கோடு போட்டுக் காட்டுகிறது. பவுண்டேஷனை விட்டதில் வருத்தமே இல்லை. கடைப்பெண் எப்போதும் என் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பானதைத்தான் எடுத்துக் கொடுப்பாள், நானும் மறுக்காமல் வாங்கி வருவேன். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று எத்தனை ஆண்டுகள் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மையை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. பத்து வயதில் அம்மா விளக்குக் கரியில் விளக்கெண்ணெய் குழைத்து இட்டுவிட்ட நாள் முதல் மையில்லாத என் கண்களை நானே பார்த்ததில்லை. கண்ணில் ஓயாமல் நீர் வழிகிறது என்று கண் மருத்துவரிடம் போனேன். பரிசோதித்துவிட்டு, கண் வறட்சி என்றார். நீர் கொட்டும் கண்ணுக்கு வறட்சி எப்படி வரும் என்று கேட்டேன். இமையின் விளிம்பில் வரிசையாக நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன; மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை இருக்கும்; அவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீரின்மேல் ஏடுபோலப் படர்ந்து, அது காய்ந்துவிடாமல் காக்கிறது. அந்த எண்ணெய் குறைந்தால் கண் காய்ந்து எரியும், எரிச்சல் தாங்காமல் நீரைக் கொட்டும். வயதானால் இந்தச் சுரப்பிகள் தாமாகவே மந்தமாகும். நான் 40 ஆண்டுகளாக அவற்றின் வாயிலேயே மையைத் தீட்டி அடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பஞ்சுக் குச்சியால் கீழ் இமையின் விளிம்பை ஒருமுறை வழித்துக் காட்டினார். அன்று நான் மை இட்டுக்கொண்டு போகவில்லை. முந்தைய இரவே சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். இருந்தும் பஞ்சின் நுனியில் கடுகு உடைத்ததுபோலக் கறுப்புத் துகள்கள் இருந்தன. திரைச்சீலையை விலக்கிப் பார்த்த மாதிரி இருந்தது. அத்துடன் மை நின்றது.

மறுநாள் கவுண்டரில் பணம் கட்ட வந்த பூக்கடைக்காரம்மா, "என்னக்கா, காய்ச்சலா? மூஞ்சி வாடிக் கிடக்கே" என்றாள். அந்த வாரம் முழுவதும் ஆறேழு பேர் அப்படிக் கேட்டார்கள். இரண்டாவது வாரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. என் மையில்லாத முகம் பழக எனக்கு ஆறு மாதங்கள் ஆயின. ஊருக்கு எட்டு நாள் போதுமானதாக இருந்தது. தலைச்சாயத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாமல் காதோரம் கொப்பளித்தது, நிறுத்தினேன், மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாக ஓராண்டுக்கு மேல் திரிந்தேன்.

இவை எல்லாம் என்னோடு முடிந்துபோன விஷயங்கள். பொட்டு அப்படி முடியவில்லை. நடு நெற்றியில் மிளகளவு இடம் முதலில் அரித்தது, பிறகு வெளுத்தது. சில ஸ்டிக்கர்களின் பசையில் சேர்க்கப்படும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்னும் பொருள் தோலின் நிறமிச் செல்களை அழித்துவிடும் என்றும், இனி ஸ்டிக்கரே கூடாது என்றும் தோல் மருத்துவர் சொன்னார். குங்குமம் வைக்கலாமா என்று கேட்டேன். மஞ்சளில் முறைப்படி செய்த குங்குமம் வேறு, கடையில் சாயம் கலந்து விற்பது வேறு, எதுவானாலும் அந்த இடம் ஆறும்வரை வேண்டாம் என்றார்.

அந்த ஆண்டு நவராத்திரிக்கு எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு வீட்டில் கொலுவுக்கு அழைத்திருந்தார்கள். பாட்டுப் பாடி, சுண்டல் கொடுத்து, கிளம்பும் நேரத்தில் அந்த வீட்டுப் பெண் குங்குமச் சிமிழுடன் ஒவ்வொருவரிடமாக வந்தாள். என் முன்னால் வந்ததும் அவள் பார்வை என் நெற்றிக்குப் போனது, அங்கிருந்து கழுத்துக்கு இறங்கியது. தாலிச்சரடு புடவைத் தலைப்புக்குள் இருந்தது. சிமிழை நீட்டலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் கை பாதியில் நின்றது. பிறகு வெற்றிலைப் பாக்குப் பையை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் நெற்றியில் எழுதியிருந்ததாக அவள் நினைத்ததைத்தான் அவள் படித்தாள். பவுடரையும் மையையும் விட்டபோது எனக்கு வயதாகிவிட்டது என்று மட்டும்தான் ஊர் நினைத்தது. பொட்டை விட்டபோதோ என் கணவரையே சந்தேகப்பட்டுவிட்டது. அவர் அப்போது தெருமுனையில் எனக்காக ஸ்கூட்டருடன் காத்திருந்தார்.

வீட்டில் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னேன். மாமியார் சிரிக்கவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன், நெத்திய காலியா வச்சுக்கிட்டு வெளிய போகாதம்மான்னு" என்றார். அவருக்கு இப்போது 84 வயது. மாமனார் 1998-இல் இறந்தார். அதற்கு முன்பு மாமியார் தினமும் மஞ்சள் உரைத்து முகத்தில் பூசிக் குளித்து, காலணா அகலத்துக்குக் குங்குமம் இட்டு, தலை நிறையப் பூ வைத்தவர். பதினோராம் நாளுக்குப் பிறகு திருநீறு மட்டும்தான். நான் ஏழு ஆண்டுகளாக மருத்துவரிடம் போய் வந்து, யோசித்து, அலுத்துக்கொண்டு விட்டதையெல்லாம் அவர் ஒரே காலையில் விட்டார். அவரை ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. அலங்காரத்தை விட்டால் விடுதலை என்று பத்திரிகைகளில் எழுதுகிறவர்களோடு என்னால் முழுதாகச் சேர முடியாமல் போவது அவரை நினைத்துத்தான்.

இன்று காலை முகத்துக்கு வெயில் காக்கும் கிரீம் ஒன்று, உதட்டுக்குத் துளி வெண்ணெய்; அவ்வளவுதான். மிளகளவு வெள்ளை பாதி நிறம் திரும்பியிருக்கிறது. வகிட்டில் மட்டும் கொஞ்சம் குங்குமம் வைக்கிறேன், முக்கியமாகக் கொலு நாட்களில்.

கண்ணாடியிலிருந்த பொட்டுகளைத் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய பிளேடால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துத் தாளில் போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் இன்னும் தடவாமல் இருந்த கல் பொட்டை நகத்தால் பெயர்த்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் கையை நீட்டினார். கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒட்டுதே" என்று சொல்லித் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டார். சாயங்காலம் விளக்கேற்றும்போதும் அது அங்கேயே இருந்தது.