மூன்று மில்லிமீட்டர் கும்பிடு

"தாய்லாந்தா? ம்ம்ம்..." என்று இழுத்துச் சிரித்தவர்களிடம் எல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் போனது ஈ பார்க்க. அதற்கப்புறம் அவர்கள் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

கோவையில் என்னோடு படித்தவன் ஒருவன் சியாங் மாயில் பூச்சி ஆராய்ச்சி செய்கிறான். நாலு வருஷமாக வாடா வாடா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "யானையைத்தான் எல்லாரும் பாக்கறாங்க. உனக்கு நான் வேற ஒண்ணு காட்டறேன்" என்றான். அந்த வேற ஒண்ணு என்ன சைஸ் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஜனவரி மாதம், விடியற்காலை நாலரை மணி, வாடகை வண்டி. டோய் இன்தனோன் தாய்லாந்தின் மிக உயரமான மலை, 2565 மீட்டர். சியாங் மாயிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கடைசிவரை தார் ரோடு. நம் தொட்டபெட்டா இதைவிடக் கொஞ்சம் உயரம், 2637 மீட்டர். இதை ஓட்டுநரிடம் நண்பன் மொழிபெயர்த்துச் சொன்னான். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

சோம் தோங் ஊரைத் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிட்டது. மலையடியில் இலையுதிர்க் காடு. மரங்கள் பாதி மொட்டை, தரையெல்லாம் சருகு, ஒரு தீக்குச்சி போதும் என்கிற மாதிரி காய்ச்சல். ஏற ஏற பைன் மரங்கள் வந்தன. அதையும் தாண்டிய பிறகு ஒரு வளைவில் வண்டியின் கண்ணாடி வெளிப்பக்கம் ஈரமானது. மழை இல்லை, மேகம். அதற்கு மேல் மரங்களின் பட்டையே தெரியவில்லை. தண்டு, கிளை, தொங்கும் கொடி என்று எல்லாவற்றுக்கும் பாசியால் சட்டை போட்டிருந்தது. நண்பன் திரும்பி, "கீழ பார்த்த காய்ச்சலையும் இந்த ஈரத்தையும் ஞாபகம் வெச்சுக்கோ. கதையே அதுலதான் இருக்கு" என்றான்.

உச்சியில் கூட்டமான கூட்டம். குளிர் என்பதே அங்கே திருவிழா. கம்பளித் தொப்பி போட்ட பிள்ளைகள் வெப்பமானிப் பலகையோடு படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். புல்லில் உறைபனி பிடித்தால் அதற்கு 'மெ கனிங்' என்று பெயர், அதைப் பார்க்கவே பாங்காக்கிலிருந்து கிளம்பி வருவார்களாம். அன்றைக்குப் பனி பிடிக்கவில்லை. நாங்கள் டீ குடித்துவிட்டு ரோட்டைக் கடந்து 'அங் கா' பாதையில் இறங்கினோம். சதுப்பைச் சுற்றிப் போட்ட மரப்பலகை நடைபாதை, வேகமாக நடந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது. எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. அங் என்றால் தொட்டி, கா என்றால் காக்கை. காக்கைகள் குளித்த தொட்டி என்று பெயர்க் காரணம் சொல்கிறார்கள். தாய்லாந்து மொழியிலும் காக்கை 'கா'தான் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். சதுப்போரத்தில் சிவப்பாகப் பூத்திருந்த மரத்தைப் பார்த்ததும் இன்னொரு சந்தோஷம்: நம் நீலகிரியின் காட்டுப்பூவரசுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி, அதே ரோடோடென்ட்ரான். இந்த மலையில் மட்டுமே இருக்கும் ஒரு தேன்சிட்டு உள்வகை அதில் தேன் குடித்துக்கொண்டிருக்க, கீழே பீரங்கி மாதிரி லென்ஸ்களோடு பத்துப் பேர். நாங்கள் இரண்டு பேர் மட்டும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குத்துக்கால் போட்டு, பெரணி இலைகளின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வலை கொண்டுவரவில்லை. தேசியப் பூங்காவில் அனுமதி இல்லாமல் ஒரு கொசுவைக்கூடப் பிடிக்கக் கூடாது. கையில் பத்து மடங்கு லென்ஸ், கழுத்தில் கயிறு, அவ்வளவுதான். முதல் ஒரு மணி நேரம் எனக்கு எதுவுமே தென்படவில்லை. ஒரு தாய்லாந்துப் பாட்டி நின்று, என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று விசாரித்துவிட்டு, தானும் குனிந்து தேட ஆரம்பித்தார். நண்பன் விளக்கிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்து, பையிலிருந்து இரண்டு கமலாப்பழம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் அவன் என் முழங்கையைத் தொட்டான். "மூச்சு விடாதே. நடு நரம்புக்கு இடது பக்கம்."

முதலில் தெரிந்தது மஞ்சளாக ஒரு துளி, அரிசிக் குருணை அளவு. லென்ஸை அருகே கொண்டுபோனதும் அது ஈயாக மாறியது. உருண்டைத் தலை, அதில் முக்கால்வாசி கண். மெலிந்த உடம்பு, அதைவிட நீளமான கண்ணாடி இறக்கை. நாலு காலில்தான் நின்றது. முன்கால் இரண்டும் தரையில் படவேயில்லை. கும்பிடுபூச்சி வைத்துக்கொள்ளுமே, அதே மாதிரி மார்புக்கு முன்னால் மடக்கி வைத்திருந்தது. காலின் முதல் கணு சாதாரண ஈக்குக் குட்டையாக இருக்கும், இதற்கு நீண்டு கை மாதிரி ஆகிவிட்டது. தொடை வீங்கி, அதன் அடிப்பக்கம் முள் வரிசை. கீழ்க்கால் பேனாக்கத்தி போல அந்த முள்மேல் மடிகிறது. நடுவில் சிக்கிய சின்னப் பூச்சி தப்ப முடியாது. இந்தப் பேரினத்துக்கு செலிபோடா என்று பெயர். கிரேக்கத்தில் இடுக்கிக்கால் என்று பொருள். கும்பிடுபூச்சிக்கு இது சொந்தமே இல்லை. ஈயாகப் பிறந்து அதே ஆயுதத்துக்குத் தனி வழியில் வந்து சேர்ந்திருக்கிறது.

வேட்டையைப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். பார்க்கவில்லை. அது ஒரு கையை வாயருகே கொண்டுபோய்த் துடைத்தது, அப்புறம் அடுத்த கையை. நான் இலையைக் கொஞ்சம் திருப்பியதும் விறுவிறுவென்று நடந்து மறுபக்கம் போய்விட்டது. திரும்பத் திருப்பினேன், திரும்பப் போனது. போனில் எடுத்த பதினேழு படங்களிலும் பெரணி மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.

"இது புது இனமா?" என்று கேட்டேன். நண்பன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "இங்கே வெச்சு அதை யாராலயும் சொல்ல முடியாதுடா."

இதுதான் எனக்குப் புதுசு. காட்டில் ஒருவர் புதரை விலக்கி, "ஆகா!" என்று கத்துவதுதான் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். இந்த மலையின் கதை அப்படி நடக்கவேயில்லை. 2006-இல் தொடங்கி டைகர் என்ற சுருக்கப்பெயரோடு ஒரு கணக்கெடுப்பு நடந்தது. புலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, முழுக்கப் பூச்சி. தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் கூடாரம் போன்ற மலேஸ் பொறிகளைக் கட்டி வைத்தார்கள். ரெனே மலேஸ் ஒரு சுவீடன்காரர். கூடாரத்துக்குள் மாட்டிய பூச்சிகள் எல்லாம் மேல் மூலைக்கே ஏறிப்போவதைக் கவனித்தவர், அந்த மூலையில் ஒரு சேகரிப்புப் பாத்திரத்தை வைத்தால் என்ன என்று யோசித்து, 1934-இல் பக்கத்து நாடான பர்மாவில் அதைச் சோதித்தார். பிற்காலத்தில் அட்லாண்டிஸ் நிஜமாகவே இருந்தது என்று புத்தகம் எழுதியவரும் இவரே. அதை விடுங்கள், பொறி நன்றாக வேலை செய்கிறது.

பாட்டில் பாட்டிலாக ஆல்கஹாலில் ஊறிய பூச்சிகளிலிருந்து இந்த இடுக்கிக்கால் ஈக்களைப் பிரித்து எடுத்து ஏட்ரியன் பிளான்ட் என்ற ஈ ஆராய்ச்சியாளர் உட்கார்ந்து பார்த்தார். 2009-இல் வட தாய்லாந்தின் செலிபோடாக்கள் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் புது இனங்கள் வரிசையாக வந்தன. டோய் இன்தனோனை ஒரு தனிச் செழிப்பிடமாகவே அதில் குறிப்பிட்டார். 2011-இல் அவரும் தாய்லாந்து ஆய்வாளர்களும், மலையடியிலிருந்து உச்சிவரை இந்த ஈக்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்து ஒரு கேள்வி எழுப்பினார்கள். கீழே பாதி வருஷம் காய்கிற காடு, மேலே எப்போதும் ஈரமான காடு. இந்தப் பிரிவினையே காலப்போக்கில் இனங்களைப் பெருக்கியிருக்குமா? வண்டியில் வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். ஈரம் இல்லாமல் வாழ முடியாத மூன்று மில்லிமீட்டர் உடம்புக்கு அந்தச் சருகுக் காடு கடல் மாதிரி. எதிரே தெரிகிற மலை இன்னொரு தீவு.

மறுநாள் அவன் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். ஈயின் வயிற்று நுனியைத் தனியாக எடுத்து, சூடான லாக்டிக் அமிலத்தில் போட்டுத் தெளிய வைத்திருந்தான். சதை கரைந்து கூடு மட்டும் தேன் நிறத்தில் மிஞ்சியிருந்தது. கிளிசரின் சொட்டில் மிதந்த அதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னான். வளைந்த தகடுகள், கொக்கிகள், நுனியில் ஒரு சீப்பு. ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பு. வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இனங்கள் இங்கேதான் பிடிபடும். பெண் மட்டும் கிடைத்தால் பெரும்பாலும் கை விரித்துவிட வேண்டியதுதான். "வலது பக்கத் தகட்டைப் பாரு, அதுல பல் இருக்கா?" என்றான். எனக்கு எல்லாமே பல்லாகத் தெரிந்தது.

பார்த்துவிட்டு நிமிர்ந்து, ஒரு பெருமூச்சு விட்டேன். பக்கத்தில் சின்ன அட்டை முக்கோணத்தின் நுனியில் இன்னும் பசை காயாமல் இருந்த ஈ ஒன்று காணாமல் போய்விட்டது. இரண்டு பேரும் டார்ச் லைட்டோடு நாற்பது நிமிஷம் தரையில் தவழ்ந்தோம். கடைசியில் என் சட்டைக் கைமடிப்பில் இருந்தது. ஒரு கால் போயிருந்தது. அவன் என்னைத் திட்டவில்லை. "இது ஹோலோடைப்பா இருந்திருந்தா உன்னைக் கொன்னிருப்பேன்" என்று மட்டும் சாதாரணமாகச் சொன்னான்.

ஹோலோடைப் என்றால் பெயரைத் தாங்கி நிற்கும் ஒற்றை உடல். நூறு ஈ கையில் இருந்தாலும், இதுதான் என்று ஒன்றைக் காட்டி, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் என்றும் எழுத வேண்டும். 1999-க்குப் பிறகு வரும் பெயர்களுக்கு விதியே அதுதான். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்த ஒன்றைத்தான் போய்ப் பார்ப்பார்கள். அப்புறம் முடி முடியாக எழுத வேண்டும்: தலையில் எத்தனை, முதுகில் எத்தனை, தொடையில் முள் எத்தனை வரிசை. படம் பென்சிலில் வரைய வேண்டும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம், இதற்கு முன்னால் யாராவது பெயர் வைத்துவிட்டார்களா என்று பார்ப்பது. அதற்காக நூறு வருஷத்துக்கு முந்தைய லத்தீன் வரிகளையும், வேறு கண்டத்து அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்த ஈக்களையும் தேடிப் போக வேண்டும்.

அவன் மேஜையில் ஒரு குப்பி தனியாக இருந்தது. மூடியில் கேள்விக்குறி. இறக்கையில் இவனுக்குப் பழக்கமில்லாத ஒரு புகைத் திட்டு. ஒரு வருஷமாகச் சந்தேகம். "ஒருவேளை..." என்று சொல்லி நிறுத்திவிட்டான். என்ன பெயர் வைப்பாய் என்று நான் உற்சாகமாகக் கேட்டேன். என் பெயரை நானே முன்மொழிந்தும் பார்த்தேன். காது கேட்காதவன் மாதிரி டீ போடப் போய்விட்டான்.

ஊர் வந்து மூன்று வாரம் கழித்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பென்சில் ஓவியங்கள், இரண்டிலும் அதே சீப்பு, அதே கொக்கி. கீழே அவன் எழுதியிருந்தான்: "பழைய இனம்தான்டா. திட்டு சில ஈக்கு இருக்கு, சிலதுக்கு இல்லை. நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன்னாடி தெரிஞ்சுது." குப்பியைப் பற்றிக் கேட்டேன். மூடியை அழித்துவிட்டு வேறு ஈக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறானாம். கேள்விக்குறி மட்டும் சரியாக அழியவில்லையாம்.