வெப்ப இயக்கவியல், மார்ச்

மார்ச் 3
காது கேளாத ஒரு மாணவிக்காக வகுப்புப் பதிவுகளின் தானியங்கி கேப்ஷன்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஏழாவது பதிவு முடிந்தது. சார் கார்னோ சுழற்சி (இலட்சிய வெப்ப எஞ்சினின் சுழற்சி) என்று சொல்லும் இடத்திலெல்லாம் கேப்ஷன் எழுதும் இயந்திரம் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இந்த வகைப் பிழை பரவாயில்லை. பார்த்ததுமே கண்ணில் குத்தும், திருத்திவிடலாம்.

மார்ச் 6
கண்ணில் குத்தாத பிழைதான் தூங்கவிடவில்லை. அவர் 'இர்ரிவெர்சிபிள்', அதாவது மீளாதது, என்கிறார். முதல் அசை மின்விசிறிச் சத்தத்தில் கரைந்துபோகிறது. இயந்திரம் 'ரிவெர்சிபிள்' என்று எழுதிவிடுகிறது. வாக்கியம் இலக்கணச் சுத்தமாக நிற்கிறது, பொருள் மட்டும் நேர்மாறு. மீள் சுழற்சிக்குக் கிளாசியஸ் தொகையீடு (உள்ளே வரும் வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்துச் சுழற்சி முழுக்கக் கூட்டியது) பூச்சியம். மீளாச் சுழற்சிக்குப் பூச்சியத்துக்கும் கீழே. ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டும் உறுதியாகவில்லை. படத்தை நிறுத்தி, கரும்பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாக்பீஸ் தூசிக்கு அடியில் 'சிறியது' குறி மட்டும் இருக்கிறது, அதன் கீழே சமக்கோடு இல்லை. அப்படியென்றால் மீளாததுதான். ஓர் அசைக்கு அரை மணி நேரம் போனது, போகட்டும். காது கேட்பவர்கள் படித்துக்கொண்டே கேட்டுச் சரிசெய்துகொள்வார்கள். அவளுக்கு இந்த இரண்டு வரிதான் வகுப்பு.

மார்ச் 7
மாலை வரை மின்சாரம் இல்லை.

மார்ச் 9
அவளிடமிருந்து மின்னஞ்சல். "அக்கா, 12ஆம் வகுப்பில் 38ஆவது நிமிடம் முன்வரிசையே குலுங்கிச் சிரிக்கிறது. கேப்ஷனில் ஒன்றுமே இல்லையே?"

போட்டுக் கேட்டேன். சார் தமிழுக்குத் தாவியிருக்கிறார். என்ட்ரோப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, ஏன் தானாகக் குறைவதில்லை என்று விளக்குகிறார்: கொட்டிய கடுகு தானே டப்பாவுக்குள் ஏறுவதை உங்கள் வீட்டில் யாராவது பார்த்தால் எனக்கும் தகவல் சொல்லுங்கள் என்கிறார். இயந்திரத்தில் ஆங்கிலத்தை மட்டும் தேர்ந்து வைத்திருப்பதால் அந்த 40 விநாடியை அது விழுங்கிவிட்டது. 'தமிழில் பேசுகிறார்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும் என்கின்றன விதிமுறைகள். போதவே போதாது. அந்த வகுப்பிலேயே தெளிவான இடம் இதுதான். முழுவதையும் தமிழிலேயே தட்டச்சு செய்தேன்.

மார்ச் 10
தமிழ் வரிகளை அப்படியே அனுமதிக்கும்படி துறைக்கு எழுதிவிட்டேன்.

மார்ச் 12
வரிக்கு 42 எழுத்து, திரைக்கு இரண்டு வரி. எங்கே உடைப்பது என்பதுதான் பாடு. எதிர்மறைச் சொல் அடுத்த திரைக்குத் தள்ளிப்போனால் அதுவரை அவள் படிப்பது பொய்.

மார்ச் 13
பதில் இல்லை.

மார்ச் 15
2017இல் இதே நாளில்தான் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 20,000க்கும் மேற்பட்ட வகுப்புப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்கத் தொடங்கியது. கேப்ஷன் சரியில்லை என்று காதுகேளாதோர் புகார் செய்திருந்தார்கள். எழுத்து கேட்டவர்களுக்கும் அது கிடைக்கவில்லை, கேட்டுப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் வகுப்பு இல்லாமல் போயிற்று. இங்கே யாருக்கும் அந்த யோசனை வந்துவிடக் கூடாது. என் கடிதமே அதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

மார்ச் 18
இன்னும் பதில் இல்லை. தேர்வு ஏப்ரலில். கடுகு வரிகள் என் கணினியிலேயே கிடக்கின்றன.

மார்ச் 19
13ஆம் வகுப்பு. "இதை இதால் வகுத்தால் இது வரும்" என்று கையை நீட்டுகிறார். கை போகும் திசையை அவர் முதுகே மறைக்கிறது. பலகையில் மூன்று பின்னங்கள் இருக்கின்றன. நாளை காலை நேரிலேயே போய் அவரிடம் கேட்கப் போகிறேன், தமிழ் வரிகளையும் சேர்த்து.