லாரி பிரேக் செய்முறைத் தேர்வில் மரை கெட்ட போல்ட் வந்தால் என்ன செய்வது?

கனரக வாகன மெக்கானிக் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் லைனிங் மாற்றுவது, ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் கை) வைப்பது, காற்றுக் கசிவு பார்ப்பது என்று இவற்றையே திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். பழக வேண்டியவைதான். ஆனால் என் தேர்வில் நேரத்தைத் தின்றதும் மதிப்பெண்ணைத் தீர்மானித்ததும் மரை கெட்ட போல்ட்டுகள். எனக்குக் கிடைத்தது பின் அச்சு, எஸ்-கேம் டிரம் பிரேக் (எஸ் வடிவக் கேம் சுழன்று பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்துவது). பிரேக் சேம்பர் (காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் கலன்), கேம்ஷாஃப்ட் பிராக்கெட், தூசித் தகடு மூன்றையும் கழற்றி மாட்ட வேண்டும். மூன்று இடத்திலும் மரை சேதம், மூன்றும் வேறு வேறு விதம். எதைச் சரிசெய்யலாம், எதை ஒதுக்க வேண்டும் என்று நான் எப்படி முடிவுக்கு வருகிறேன் என்பதைத்தான் பரிசோதகர் கூர்ந்து கவனித்தார். கைவேலை அவருக்கு அடுத்தபடிதான்.

சேம்பரில் கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம். அது பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங் உள்ள சேம்பரா என்று பாருங்கள். ஆம் என்றால், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு, கேஜிங் போல்ட்டை (ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பூட்டும் நீண்ட போல்ட்) போட்டு ஸ்பிரிங்கை அடக்கியாக வேண்டும். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். அதன் பக்கத்து கிளாம்ப் வளையத்தை எந்தக் காரணத்துக்கும் தளர்த்தக் கூடாது. இந்த வரிசையில் தவறினால் மரை பற்றிய பேச்சுக்கே இடமில்லை, அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதுவதும் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

மரை கெட்டிருக்கிறது என்று தெரிந்ததும் பலருடைய கை நேரே டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) பெட்டிக்குப் போகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த போல்ட் எதைத் தாங்குகிறது? தூசித் தகட்டின் சிறிய போல்ட் ஒரு தகரத்தைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். சேம்பரை அச்சோடு பிடிக்கும் ஸ்டட்டின் (தலையில்லாத மரைத்தண்டு, நட்டு போட்டு இறுக்குவது) கதை வேறு. டைப் 30 சேம்பர் என்றால் அதற்குள் காற்று தள்ளும் ரப்பர் சவ்வான டயாஃபிரத்தின் செயல்பரப்பு சுமார் 30 சதுர அங்குலம். 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தத்தில் காற்று நிறைந்தால் சுமார் 3000 பவுண்டு, அதாவது 1360 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை. சேம்பரின் தண்டு முன்னே தள்ளும்போது சேம்பர் அதே விசையோடு பின்னே தள்ளப்படுகிறது. அந்த முழு இழுப்பையும் தாங்குவது இரண்டு ஸ்டட். ஓட்டுநர் ஒவ்வொரு முறை அழுத்தி மிதிக்கும்போதும் இது நடக்கிறது. இந்தக் கணக்கைப் பரிசோதகரிடம் வாய்விட்டுச் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள். மனத்துக்குள் சரியாக நினைத்ததற்கு யாரும் மதிப்பெண் போட முடியாது.

அடுத்தது அளவு. பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு மரைக்கு இடையே உள்ள தூரம்) அளக்கும் பிட்ச் கேஜ் வைக்காமல் எந்த போல்ட்டுக்கும் மாற்று எடுக்காதீர்கள். எம்12 (12 மி.மீ. விட்டம்) என்று சொன்னால் போதாது, எம்12-இல் 1.75, 1.5, 1.25 மி.மீ. என்று மூன்று பிட்ச் புழக்கத்தில் இருக்கின்றன. இதைவிட மோசமான பொறி அரை அங்குல போல்ட். அதன் விட்டம் 12.7 மி.மீ., கரடு மரையில் அங்குலத்துக்கு 13 மரை. அந்தத் துளையில் எம்12 போல்ட் சில சுற்று தளர்வாக ஏறும், சரியாகப் பொருந்திவிட்டது போலவே தெரியும். டார்க் (இறுக்கும் திருகுவிசை) கொடுக்கும்போது மரை நசுங்கி வழுக்கிவிடும். ஏற்கெனவே யாரோ மாற்றி மாட்டிய போல்ட்டால்தான் துளை கெட்டிருக்கிறது என்பது பழைய வண்டிகளில் சகஜம். ஆகவே கழற்றிய போல்ட்டின் அளவையே நம்பிவிடாமல், பக்கத்துத் துளையில் இருப்பதோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேம்ஷாஃப்ட் பிராக்கெட்டின் ஒரு போல்ட் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. புது நட்டைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். பாதி வரை சுலபமாக வந்து, நடுவில் இறுகி நின்றது. பிட்ச் கேஜை வைத்தால் ஆரம்பத்துப் பற்கள் சரியாக உட்கார்ந்தன, நடுப்பகுதியில் மரைமேல் ஏறி நின்று வெளிச்சம் தெரிந்தது. போல்ட் இழுபட்டு நீண்டுவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம். இப்படிப்பட்ட போல்ட்டுக்கு வைத்தியம் கிடையாது. “டை போட்டுச் சுத்தம் செய்தால் நட்டு ஓடுமே, தம்பி?” என்று பரிசோதகர் கேட்டார். டை என்பது போல்ட்டில் மரை வெட்டும் கருவி. “ஓடும் சார், ஆனா நீண்டுபோன உலோகம் பழைய பலத்துக்குத் திரும்பாது. டை இன்னும் கொஞ்சம் உலோகத்தைத்தான் வெட்டி எடுக்கும்” என்றேன். உடனே போல்ட்டின் தலையில் இருந்த 10.9 என்ற எண்ணைக் காட்டி விளக்கம் கேட்டார். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவலிமை, 1000 மெகாபாஸ்கல். புள்ளிக்குப் பின்னால் உள்ள 9, அதில் 90 விழுக்காடு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைச் சொல்கிறது, அதாவது 900. இங்கே 8.8 போல்ட்டைப் போட்டால் கிடைப்பது 800, 640. கையில் இருப்பது அதுதான் என்பதற்காக மாட்டிவிட முடியாது.

துளையின் மரையைப் பொறுத்தவரை, டேப்பையும் த்ரெட் சேஸரையும் ஒன்றாக நினைக்காதீர்கள். டேப் வெட்டும் கருவி. துருவும் அழுக்கும் மட்டுமே அடைத்திருக்கும் துளையில் அதை விட்டால் நல்ல மரையையும் சுரண்டி எடுத்துப் பிடிப்பைத் தளர்த்திவிடும். சேஸர் அழுக்கைத் தள்ளி, மடங்கிய மரையை நிமிர்த்தும். முதல் ஒன்றிரண்டு மரை மட்டும் நசுங்கியிருந்தால் சேஸரே போதும். நுழைக்கும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். மரை மரையில் விழுவது கையில் தெரியும். அதன் பிறகே வலப்பக்கம் திருப்ப வேண்டும். போல்ட் மாட்டும்போதும் இதையே செய்தால் குறுக்கு மரை ஏறுவது பெரும்பாலும் நின்றுவிடும். இம்பேக்ட் துப்பாக்கியால் போல்ட்டை ஏற்றத் தொடங்குவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத பழக்கம்.

தூசித் தகட்டின் போல்ட் தலை ஏற்கெனவே முறிந்து, மீதித் துண்டு உள்ளே நின்றது. இங்கே பொறுமைக்குத்தான் மதிப்பெண். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற விடுங்கள், அந்த நேரத்தில் வேறு வேலையைப் பாருங்கள். சூடாக்குவதாக இருந்தால் பக்கத்தில் ஏபிஎஸ் சென்சார், காற்றுக் குழாய், ஹப் சீல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் அது முழுக்க உலராமல் சுடர் காட்டவே கூடாது. பல கிளீனர்கள் தீப்பற்றும். குளோரின் கலந்தவை சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவைத் தரும். துளைப்பதானால் நடுப்புள்ளியைச் சென்டர் பஞ்சால் மிகச் சரியாகக் குறித்து, இடப்பக்கம் வெட்டும் ட்ரில் பிட்டைப் போடுங்கள். துளைக்கும்போதே துண்டு சுழன்று வெளியே வந்துவிடுவது உண்டு. எக்ஸ்ட்ராக்டரை (முறிந்த துண்டைக் கவ்வித் திருகி எடுக்கும் கருவி) நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். அது உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் அதன்மேல் வழுக்கும், சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

கெட்ட துளைக்குப் புது மரையாக அமையும் கம்பிச்சுருள் இன்சர்ட் பற்றி வாய்மொழியில் கட்டாயம் வரும். துளையைப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டி, சுருளை மேற்பரப்புக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே இருக்கும்படி இறக்கி, அடியில் உள்ள நாக்கை உடைத்து எடுக்க வேண்டும். ஒழுங்காகப் போட்டால் அது பலவீனமானதல்ல. அலுமினியத்தில் பழைய மரையைவிட நன்றாகவே பிடிக்கும். ஆனால் பிரேக் விசையைச் சுமக்கும் இடத்தில், தயாரிப்பாளரின் பணிமனைக் கையேடு அனுமதித்தால் மட்டுமே அதற்கு இடம். ஸ்பைடர் (டிரம் பிரேக்கின் பாகங்களைத் தாங்கும் சட்டம்), காலிப்பர் கேரியர் (டிஸ்க் பிரேக்கில் காலிப்பரைத் தாங்கும் சட்டம்) போன்றவற்றில் துளையைப் பெரிதாக்கினால் சுற்றியுள்ள சுவர் மெலிகிறது; கையேடு மௌனமாக இருந்தால் பாகத்தையே மாற்றுங்கள். வெல்டிங் வைத்து நிரப்பித் திரும்பத் துளைப்பதும் அங்கே ஆகாது. சேம்பர் ஸ்டட்டில் நட்டு உட்காரும் இடத்தில் மரை தேய்ந்திருந்ததால் சேம்பரையே மாற்ற வேண்டும் என்றேன். நட்டுக்கு வெளியே நுனியில் மட்டும் அடிபட்டிருந்தால் மரை அரத்தால் தேய்த்துவிட்டுத் தொடர்ந்திருப்பேன். சக்கர ஸ்டட் கெட்டால் புதிது போடுவது ஒன்றே வழி.

டார்க் கொடுக்கும்போது பலர் மதிப்பெண் இழப்பது எண்ணெயில். கொடுக்கும் திருகுவிசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இறுக்கமாக மாறுகிறது. மீதியைத் தலைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்வு தின்றுவிடுகிறது. உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை எண்ணெய் தடவிய மரைக்குக் கொடுத்தால் உராய்வு குறைந்து போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். இன்று நீங்கள் கழற்றிய இழுபட்ட போல்ட்டே அப்படி உண்டானதாக இருக்கலாம். மரை உலர்ந்திருக்க வேண்டுமா, எண்ணெய் வேண்டுமா, பூட்டுப் பசை வேண்டுமா என்று கையேட்டில் பார்த்து, பார்த்ததைப் பரிசோதகருக்குக் காட்டிவிட்டு ரெஞ்சை எடுங்கள். டார்க்கோடு கோணமும் சேர்த்து இறுக்கச் சொல்லியிருக்கும் கேரியர் போல்ட்டுகளைப் பெரும்பாலும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

முடிந்ததும் பணி அட்டையில் “போல்ட் மாற்றப்பட்டது” என்று ஒரே வரியில் விட்டுவிடாதீர்கள். எந்த இடத்துப் போல்ட், என்ன அளவு, என்ன பிட்ச், எந்த வலிமை வகுப்பு, என்ன சேதம், ஏன் ஒதுக்கினீர்கள், கொடுத்த டார்க் என்ன என்று எழுதுங்கள். ஒதுக்கிய போல்ட்டுகளுக்குச் சீட்டுக் கட்டித் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் நல்லவற்றோடு கலந்து மறுபடி வண்டியில் ஏறிவிடும். என் அட்டையை வாசித்த பிறகுதான் பரிசோதகர் காற்றை நிரப்பி சோப்புத் தண்ணீர்ச் சோதனைக்குப் போகச் சொன்னார்.