வெட்டுப்புள்ளிக் காய்ச்சல்

இலங்கையில ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் சோதனைப் பெறுபேறு வந்திட்டுது. இனி ஒரு கிழமைக்கு முகநூல் முழுக்க மாலை போட்ட பத்து வயதுப் பிள்ளையளின்ர படந்தான். வெட்டுப்புள்ளி, அதாவது தெரிவாகிறதுக்கு வேண்டிய ஆகக்குறைஞ்ச புள்ளி, எடுத்தவைக்கு வாழ்த்துகள், அதில எனக்கு ஒரு எரிச்சலும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை 200க்கு 121. நல்ல புள்ளி. ஆனா ஃபோன் அடிக்கிற நேரமெல்லாம் தாய் குரலைத் தாழ்த்தி "வெட்டுப்புள்ளிக்கு வரேல்லை" எண்டு சொல்ல, பிள்ளை கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டு நிக்குது.

கல்வி அமைச்சர் கன்னங்கராவின்ர காலத்தில, 1940களில, வசதியில்லாத கிராமத்துக் கெட்டிக்காரரை மத்திய கல்லூரிகளுக்கு எடுக்கத் தொடங்கின சோதனை இது. இப்ப காரில வந்து இறங்கிற பிள்ளைக்கும் மூண்டு ரியூசன். உதவிப்பணம் வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்குத்தான். மற்றவை ஓடுறது பெரிய பள்ளிக்கூடத்து இடத்துக்கு. வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேற. இங்க தவறின அதே புள்ளி இன்னொரு மாவட்டத்தில பனர் கட்டுற புள்ளியாயும் இருக்கலாம்.

இன்பொக்ஸில "மகள் எவ்வளவு?" எண்டு கேட்கிற சொந்தங்களுக்கு: அவள் இப்பதான் நாலாம் ஆண்டு. அடுத்த வருசமும் கேட்காதேங்கோ.